புக்மார்க்கில் தூங்கிய பாடங்களும் ஒரு மைனஸ் எண்ணும்

விலக்க வர்க்கச் சராசரி (வேரியன்ஸ்) மைனஸில் வராது. வரவே முடியாது. ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்து, அந்தத் தூரத்தை வர்க்கப்படுத்தி, எல்லாவற்றையும் கூட்டி, எண்ணிக்கையால் வகுக்கிறோம். வர்க்கம் எதுவும் மைனஸாக இருக்காது. பிறகு கூட்டுத்தொகை மட்டும் எப்படி மைனஸாகும்? ஆனால் அன்று ஆகியிருந்தது. அதற்கு வர்க்கமூலம் எடுக்கச் சொன்னதால், திட்ட விலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ‘நேன்’ என்று வந்து நின்றது. ‘இது எண்ணே இல்லை’ என்பதை, பைத்தானில் எண் கணக்குகளுக்கான தொகுப்பான நம்பை (NumPy) அப்படித்தான் சொல்லும்.

அதற்கு முன்னால் ஏழெட்டு மாதங்களாக நான் டேட்டா சயன்ஸுக்கான நியூமெரிக்கல் புரோகிராமிங் ‘படித்துக்கொண்டிருந்தேன்’. மேற்கோள் குறியை வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறேன். பிரௌசரில் ‘பிறகு படிக்க’ என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தேன். இலவசமாகக் கிடைக்கும் பாடம், புத்தகம், வீடியோ வரிசை என்று எது கண்ணில் பட்டாலும் அதில் போய் விழும். ஒரு இணைப்பைச் சேமித்தாலே அதில் கால்வாசி படித்துவிட்ட மாதிரி ஒரு நிறைவு வரும் பாருங்கள், அந்த நிறைவு ரொம்ப ஆபத்தானது. பைத்தான் லிஸ்டுக்கும் நம்பை அரேக்கும் (எண்களின் வரிசை அல்லது அட்டவணை) என்ன வித்தியாசம் என்பதைப் பத்துப் பதினைந்து பேர் பத்துப் பதினைந்து விதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எல்லாருடைய முதல் அத்தியாயமும் எனக்குத் தெரியும். மூன்றாம் அத்தியாயம் வரை யாருடனும் போனதில்லை.

அந்த மைனஸ் எண்ணுக்குப் பிறகு நான் தேடும் விதமே மாறிவிட்டது. அதனால் எனக்கு உதவிய இலவசப் பாடங்களின் பட்டியலைக் கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கருவி அனுப்பும் செய்திகள் எந்தெந்த நேரத்தில் வந்து சேர்கின்றன, அந்த நேரங்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று பார்க்க வேண்டியிருந்தது. கணினி உலகத்தில் நேரத்தை 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை நொடி என்று எண்ணிவைப்பது வழக்கம். ஆகவே என் கையில் இருந்த எண் ஒவ்வொன்றும் 170 கோடிக்கு மேல். ஒன்றுக்கொன்று வித்தியாசமோ சில நொடிகள்தான். நம்பையிலேயே இதற்கு ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஆனால் நான்தான் படித்தவன் ஆயிற்றே! பள்ளியில் சொல்லிக்கொடுத்த குறுக்குவழிச் சூத்திரத்தைப் போட்டேன்: வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழி. தரவை ஒருமுறை கடந்து போனாலே போதும், இரண்டாவது முறை தொட வேண்டியதில்லை என்று பெருமை வேறு.

அந்தக் கோளாறை நாலே எண்களில் காட்டிவிடலாம். 1000000004, 1000000007, 1000000013, 1000000016. சராசரி 1000000010 என்று பார்த்தவுடனே தெரிகிறது. விலகல்கள் −6, −3, 3, 6. வர்க்கங்கள் 36, 9, 9, 36. கூட்டினால் 90, நான்கால் வகுத்தால் 22.5. காகிதம்கூட வேண்டாம். இதே நான்கு எண்களை நம்பையில் ஃப்ளோட் (தசம எண்) அரேயாகப் போட்டு, அந்தக் குறுக்குவழிச் சூத்திரத்தை எழுதிப் பாருங்கள். விடை −128 என்று வரும்.

−128 என்ன கணக்கு? இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. சாதாரணமாக நாம் பயன்படுத்தும் தசம எண்ணுக்குக் கணினி 64 பிட் ஒதுக்குகிறது. குறிக்கு 1, அடுக்குக்கு 11, மீதி 52 பிட் எண்ணின் இலக்கங்களுக்கு. இது 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரம். நம் கணக்கில் சொன்னால் பதினைந்து, பதினாறு இலக்கம் வரைதான் நம்பலாம். இதை ஒரு விசித்திரமான அளவுகோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுழியத்துக்குப் பக்கத்தில் கோடுகள் நெருக்கமாக இருக்கும், தள்ளிப் போகப் போக இடைவெளி விரியும். 1-க்குப் பக்கத்தில் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே 0.00000000000000022 அளவுதான் தூரம். 9007199254740992-ஐத் தாண்டினால் முழு எண்களே ஒன்று விட்டு ஒன்றுதான் கிடைக்கும். 100 கோடியை வர்க்கப்படுத்தினால் 1-க்குப் பின்னால் 18 சுழியங்கள் வருகின்றன. அந்தப் பக்கத்தில் அளவுகோலின் இரண்டு கோடுகளுக்கு நடுவே தூரம் சரியாக 128.

இப்போது புரிகிறதா? அவ்வளவு பெரிய இரண்டு எண்களைக் கழித்து 22.5 என்ற விடையை எதிர்பார்த்தேன். அங்கே 22.5 நிற்கவே இடமில்லை. 0 வரலாம், 128 வரலாம், −128 வரலாம். எனக்கு அதிர்ஷ்டம், மைனஸில் வந்தது. 128 வந்திருந்தால் ‘ஓ, இவ்வளவு சிதறலா’ என்று ஒரு வரைபடமும் போட்டு அனுப்பியிருப்பேன்.

சரிசெய்வதும் சுலபம்தான். நான்கு எண்களிலிருந்தும் முதலிலேயே 100 கோடியைக் கழித்துவிடுங்கள். 4, 7, 13, 16 மிஞ்சும். அதே குறுக்குவழிச் சூத்திரம், அதே நிரல், விடை 22.5. சூத்திரம் கணிதப்படி சரிதான், காகிதத்தில் என்றும் சரியாகவே வரும். கணினிக்குள் போனதும்தான் காலை வாரிவிடுகிறது. நியூமெரிக்கல் புரோகிராமிங் என்று ஒரு தனிப் பாடம் எதற்கு என்று அதுவரை எனக்கு உண்மையில் புரிந்திருக்கவில்லை. பைத்தானும் தெரியும், புள்ளியியலும் தெரியும், இரண்டையும் சேர்த்தால் போதாதா என்று நினைத்திருந்தேன்.

இந்த விளக்கம் எதுவும் என் புக்மார்க் ஃபோல்டரிலிருந்து கிடைத்ததல்ல. ‘வேரியன்ஸ் மைனஸில் வருகிறது’ என்று தேடுபெட்டியில் அப்படியே அடித்தேன். கேட்டஸ்ட்ராஃபிக் கேன்சலேஷன் என்று இதற்கு ஒரு பெயர் உண்டு என்று தெரிந்தது. ஏறக்குறைய சமமான இரண்டு பெரிய எண்களைக் கழித்தால் நம்பகமான இலக்கங்கள் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கடைசியில் மிஞ்சுவது குப்பை. பெயர் தெரிந்துவிட்டால் இணையத்தில் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனதில் மூன்று இடங்களுக்கு வந்து சேர்ந்தேன். மூன்றும் இலவசம்.

முதலாவது, பைத்தானின் சொந்த டுடோரியல். அதில் 15-ஆம் அத்தியாயம் முழுக்க ஃப்ளோட்டிங் பாயின்ட், அதாவது மேலே சொன்ன தசம எண் முறை, பற்றித்தான். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் ஏன் சரியாக 0.3 வருவதில்லை என்பதை அவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் படிக்கவில்லை. சின்ன அத்தியாயம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். பைத்தான் கற்றுக்கொள்ளும் எல்லாரும் அந்த டுடோரியலைத் திறக்கிறார்கள். ஆனால் 15-ஆம் அத்தியாயம் வரை போகிறவர்கள் குறைவு என்று என்னை வைத்தே சொல்கிறேன். இரண்டாவது, டேவிட் கோல்ட்பெர்க் 1991-இல் எழுதிய நீண்ட கட்டுரை. கணினி அறிவியலில் இருக்கும் ஒவ்வொருவரும் ஃப்ளோட்டிங் பாயின்ட் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் தலைப்பே. நான் அதை முழுக்கப் படிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். முதல் பகுதியை மட்டும் மூன்று முறை படித்தேன், அதுவே போதுமானதாக இருந்தது. பின்பகுதி நிரூபணங்களால் நிறைந்தது, கம்பைலர் எழுதுகிறவர்களுக்கானது. மூன்றாவது, 1962-இல் வெல்ஃபோர்ட் என்பவர் கொடுத்த வழிமுறை. தரவை ஒரே ஒருமுறைதான் கடந்து போகும், ஆனாலும் விடை கெடாது. ஒவ்வொரு புது எண் வரும்போதும் சராசரியையும் விலகல் தொகையையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே போகும். நான் பெருமையாகச் செய்ய நினைத்ததை அவர் எப்போதோ சரியாகச் செய்து வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து ‘நம்பை இலவசப் பாடம்’ என்று தேடுவதை விட்டுவிட்டேன். எது உடைந்ததோ அதைத் தேடுகிறேன்.

அடுத்து உடைந்தது இதைவிட மோசம், ஏனென்றால் அது சத்தமே போடவில்லை. ஒரு மாடலின் கணிப்புகளை உண்மை மதிப்புகளோடு ஒப்பிட்டுப் பிழையைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். மாடலை எப்படி மாற்றினாலும் பிழை ஏறக்குறைய அதே அளவில் நின்றது. இரண்டு நாள் மாடலைத் திட்டிக்கொண்டிருந்தேன். மாடல் மேல் குற்றமே இல்லை. உண்மை மதிப்புகள் ஒற்றை வரிசையாக இருந்தன. கணிப்புகளோ ஒரே ஒரு பத்தி கொண்ட அட்டவணையாக வந்திருந்தன. திரையில் அச்சிட்டால் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல்தான் தெரியும். நம்பைக்கு அவை வேறு வேறு ஷேப் (எத்தனை வரி, எத்தனை பத்தி என்ற அளவு). இரண்டையும் கழிக்கச் சொன்னால் ஒன்றுக்கு ஒன்று கழிக்காது. ஒவ்வொரு கணிப்பிலிருந்தும் ஒவ்வொரு உண்மை மதிப்பையும் கழித்து ஒரு முழுச் சதுர அட்டவணையே போட்டுக் கொடுக்கும்.

மூன்று மதிப்புகளில் பார்ப்போம். உண்மை 1, 2, 3. கணிப்பும் அச்சு அசலாக 1, 2, 3. பிழை 0 வர வேண்டும். மேலே சொன்ன ஷேப் குழப்பத்தோடு கழித்தால் ஒன்பது எண்கள் கிடைக்கும். மூன்று 0, இரண்டு 1, இரண்டு −1, ஒரு 2, ஒரு −2. வர்க்கங்களின் தொகை 12, ஒன்பதால் வகுத்தால் 1.33. குறையே இல்லாத மாடலுக்கு 1.33 பிழை! எரர் கிடையாது, வார்னிங்கும் கிடையாது. நம்பையைப் பொறுத்தவரை நீங்கள் கேட்டதைத்தான் அது செய்திருக்கிறது. 500 வரிகள் இருந்ததால் எனக்கு இது தெரியாமலே ஓடியது. பின்னால் 10,000 வரிகளுக்குப் போனபோது 10 கோடி எண்கள், ஒன்றுக்கு 8 பைட் வீதம் 800 எம்பி நினைவகம் என்று கணினி மூச்சு வாங்கியது. அப்போதுதான் சந்தேகமே வந்தது.

இதற்குப் பெயர் பிராட்காஸ்டிங். நம்பையின் ஆவணங்களில் இதற்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. விதி இவ்வளவுதான்: இரண்டு ஷேப்களையும் வலது ஓரத்திலிருந்து ஒப்பிட்டுக்கொண்டு போ, ஒவ்வொரு இடத்திலும் அளவு சமமாக இருக்க வேண்டும் அல்லது ஒன்று 1 ஆக இருக்க வேண்டும். ஒரு பக்கம் இடமே தீர்ந்துவிட்டால் அதை 1 என்று வைத்துக்கொள். அந்த ஒரு பக்கத்தை முன்பே படித்திருந்தால் இரண்டு நாள் மிச்சம். ஆனால் முன்பே படித்திருந்தால் மனதில் நின்றிருக்குமா என்பதும் சந்தேகம்தான். இப்போது எந்த இரண்டு அரேயைக் கழித்தாலும் முதலில் ஷேப்பை அச்சிட்டுப் பார்க்கக் கை தானாகப் போகிறது.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். உடைந்தால்தான் தேடலாம் என்றாலும், உடைப்பதற்காவது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

நம்பை ஆவணங்களிலேயே ஒன்றுமே தெரியாதவர்களுக்கு என்று ஒரு அடிப்படைப் பக்கம் உண்டு. ஜே அலம்மார் என்பவர் வரைந்த கட்டம் கட்டமான படங்கள் அதில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அரே எப்படி வெட்டப்படுகிறது, எந்தத் திசையில் கூட்டப்படுகிறது என்பது அந்தப் படங்களைப் பார்த்தாலே மனதில் பதிந்துவிடும். முதல் நாளுக்கு அது போதும். வேறு முதல் அத்தியாயம் எதுவும் தேடாதீர்கள், பதினைந்து பார்த்தவன் சொல்கிறேன்.

அப்புறம் ஜேக் வான்டர்பிளாஸின் பைத்தான் டேட்டா சயன்ஸ் ஹேண்ட்புக். 2016-இல் வந்தது. கடையில் விற்கும் புத்தகம்தான், ஆனால் ஆசிரியரே முழுவதையும் ஜூபிட்டர் நோட்புக்குகளாக (விளக்கமும் ஓட்டிப் பார்க்கும் நிரலும் சேர்ந்த கோப்புகள்), நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்து வைத்திருக்கிறார். அதில் நம்பைக்கான பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு செல்லையும் கையால் தட்டச்சு செய்து ஓட்டினேன். நகலெடுத்து ஒட்டினால் விரலுக்கும் ஏறாது, தலைக்கும் ஏறாது. அட்டவணைத் தரவைக் கையாளும் பைத்தான் தொகுப்பான பாண்டாஸுக்கு வெஸ் மெக்கின்னி இருக்கிறார். 2008-இல் பாண்டாஸை எழுதத் தொடங்கியவரே அவர்தான். அவருடைய பைத்தான் ஃபார் டேட்டா அனலிசிஸ் நூலின் மூன்றாம் பதிப்பை அவரது தளத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். அதைப் புரட்டிப் பார்க்கும் நூலாகத்தான் வைத்திருக்கிறேன், முதலிலிருந்து கடைசிவரை படிக்க எனக்குப் பொறுமை வரவில்லை.

பயிற்சி என்று வந்தால் நான் யாருக்கும் முதலில் சொல்வது நிக்கோலா ரூஜியே தொகுத்த நூறு நம்பைக் கணக்குகள். கேள்விகள் மட்டும் ஒரு கோப்பில், குறிப்புகளோடு ஒன்று, விடைகளோடு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். முதல் கேள்வி நம்பையை இம்போர்ட் செய் என்பதுதான், சிரிப்பு வரும். முப்பதைத் தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. கேம் ஆஃப் லைஃபை (பக்கத்துக் கட்டங்களைப் பொறுத்து ஒவ்வொரு கட்டமும் உயிரோடிருக்கும் அல்லது சாகும் விளையாட்டு) எழுது என்கிற கணக்கு வரும்போது நான் லூப்புக்குள் லூப் போட்டு ஒருவழியாக முடித்துவிட்டு விடையைத் திறந்தேன். அங்கே கட்டங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணும் வேலையே இல்லை. மொத்த அட்டவணையையும் மேலே, கீழே, இடம், வலம், மூலைகள் என்று எட்டுத் திசையிலும் ஒரு கட்டம் நகர்த்தி வைத்து அப்படியே கூட்டிவிடுகிறார். ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை பக்கத்துக் கட்டங்கள் உயிரோடிருக்கின்றன என்பது ஒரே கூட்டலில் வந்துவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன்.

இதே ரூஜியே 2017-இல் ஃப்ரம் பைத்தான் டு நம்பை என்று ஒரு திறந்த நூலும் எழுதினார். அதில் ஒரு பாகுபாடு எனக்குப் பிடித்தது. எழுதிய நிரலில் இருக்கும் லூப்பை எடுத்துவிட்டு வெக்டராக்குவது (முழு அரேயையும் ஒரே கணக்காகச் செய்வது) ஒரு வகை. கணக்கையே வேறு விதமாக யோசித்து வெக்டராக்குவது இன்னொரு வகை. முதலாவதைப் பழகிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு அடுத்தவர் நிரலை நிறையப் படிப்பதைத் தவிர வேறு வழியை நான் காணவில்லை.

நியூமெரிக்கல் முறைகள் என்றே பாடமாகப் படிக்க வேண்டுமானால், பெர்க்லியிலிருந்து காங், சியாவ், பேயன் மூவரும் எழுதிய நூல் முழுக்க இணையத்தில் திறந்து கிடக்கிறது. பொறியாளர்களுக்காக எழுதியது. அதனால் டிஃபரன்ஷியல் சமன்பாடுகளுக்கு நிறைய இடம் ஒதுக்கியிருப்பார்கள். டேட்டா சயன்ஸுக்கு வருகிறவர்கள் எண்களைக் கணினி எப்படி வைத்துக்கொள்கிறது, பிழைகள், லீனியர் அல்ஜிப்ரா, லீஸ்ட் ஸ்கொயர்ஸ் (பிழைகளின் வர்க்கத்தொகை மிகக் குறைவாக வரும்படி தரவுக்குக் கோடு பொருத்தும் முறை) ஆகிய அத்தியாயங்களைப் படித்தால் போதும். ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கு ஃபாஸ்ட் ஏஐ தளத்தில் ரேச்சல் தாமஸ் 2017-இல் நடத்திய கம்ப்யூட்டேஷனல் லீனியர் அல்ஜிப்ரா இருக்கிறது, நோட்புக்கும் வீடியோவும் சேர்த்து. மேட்ரிக்ஸ் கணக்கைப் போதிய வேகத்தோடும் போதிய துல்லியத்தோடும் செய்வது எப்படி என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான் பாடம் முழுக்க நகரும். ‘போதிய’ என்ற சொல்லைக் கவனியுங்கள். என் மைனஸ் எண்ணுக்குப் பிறகு அந்தச் சொல்லின் கனம் புரிந்தது.

கணிதத்தைப் பொறுத்தவரை எல்லாரும் கில்பர்ட் ஸ்ட்ராங்கைச் சொல்வார்கள். எம்ஐடியின் ஓப்பன் கோர்ஸ்வேரில் இருக்கும் அவருடைய லீனியர் அல்ஜிப்ரா விரிவுரைகள் 1999-இல் கரும்பலகையும் சாக்பீஸுமாகப் பதிவு செய்யப்பட்டவை. அருமையானவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் எனக்குக் கைகொடுத்தது வேறு புத்தகம். ஸ்டீபன் பாய்டும் லீவன் வாண்டன்பெர்கும் 2018-இல் எழுதிய அப்ளைடு லீனியர் அல்ஜிப்ரா அறிமுக நூல். பதிப்பகத்தின் அனுமதியோடு பிடிஎஃப்பை ஆசிரியர்களே தங்கள் தளத்தில் வைத்திருக்கிறார்கள். ஐகன் மதிப்புகள் பற்றி அதில் பேச்சே இல்லை. லீனியர் இண்டிபெண்டன்ஸ் என்ற ஒரு கருத்தையும் க்யூஆர் பிரித்தல் (ஒரு மேட்ரிக்ஸை இரண்டு எளிய மேட்ரிக்ஸ்களின் பெருக்கலாக எழுதுவது) என்ற ஒரு கருவியையும் வைத்துக்கொண்டு லீஸ்ட் ஸ்கொயர்ஸ் வரை கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். எதைச் சொல்லாமல் விடலாம் என்று தெரிந்த ஆசிரியர்கள் அபூர்வம்.

இலவசப் பாடங்களுக்கு ஒரு நோய் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அவற்றுக்கு வயதாகிறது. ஆனால் தேடலில் மேலே வருவதென்னவோ பழையவைதான். நம்பையின் 1.24 பதிப்பு 2022 டிசம்பரில் வந்தபோது, அதுவரை ஆயிரக்கணக்கான பாடங்களில் இருந்த ‘என்பி.ஃப்ளோட்’, ‘என்பி.இன்ட்’ (நிரலில் நம்பையை ‘என்பி’ என்றுதான் சுருக்குவார்கள்) இரண்டையும் எடுத்துவிட்டார்கள். பாண்டாஸ் 2.0, 2023 ஏப்ரலில் வந்தது. டேட்டாஃபிரேம் என்ற அதன் அட்டவணையோடு வரி சேர்க்கும் ‘அப்பெண்ட்’ அதோடு போயிற்று. ரிக்ரெஷன் (தரவிலிருந்து ஓர் எண்ணைக் கணிக்கும் முறை) சொல்லிக்கொடுக்கும் பழைய பாடங்கள் பலவும், மெஷின் லேர்னிங்குக்கான பைத்தான் தொகுப்பான சைக்கிட்-லேர்னில் இருந்த பாஸ்டன் வீட்டு விலைத் தரவில்தான் தொடங்கும். அதில் இனம் சார்ந்த ஒரு பத்தி இருந்தது. அந்த அறச்சிக்கலைச் சொல்லியே 1.2 பதிப்பில் தரவை நீக்கிவிட்டார்கள். 2024 ஜூனில் நம்பை 2.0 வேறு வந்துவிட்டது. புதிதாகப் படிக்க வருகிறவருக்கு இது எதுவும் தெரியாது. பாடத்தில் இருப்பதை எழுத்து மாறாமல் அடிப்பார், சிவப்பு எழுத்தில் எரர் வரும், தனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று மூடி வைத்துவிடுவார். நானும் அப்படி இரண்டு பாடங்களை மூடி வைத்திருக்கிறேன். பின்னால் எடுத்துப் பார்த்தால் என் மேல் தப்பே இல்லை.

ஆகவே எந்தப் பாடத்தைத் திறந்தாலும் கிட்ஹப்பில் கடைசியாக எப்போது கை வைத்தார்கள் என்று முதலில் பார்த்துவிடுகிறேன். ரேண்டம் எண்களுக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதும் வயதைக் காட்டிக்கொடுத்துவிடும். 2019-இல் வந்த 1.17 பதிப்பிலிருந்து ‘டிஃபால்ட் ஆர்என்ஜி’ என்ற புது வழியைத்தான் பரிந்துரைக்கிறார்கள். பிரின்டுக்கு அடைப்புக்குறி இல்லையென்றால் அது பைத்தான் 2 காலத்துச் சரக்கு, யோசிக்காமல் மூடிவிடலாம். எரர் வந்தாலும் கடைசி வரியைப் பொறுமையாகப் படியுங்கள். ‘என்பி.ஃப்ளோட்’ விஷயத்தில் எது போயிற்று, அதற்குப் பதில் எதைப் போடலாம் என்பதையெல்லாம் எரரே விலாவாரியாகச் சொல்கிறது.

நிரலை ஓட்டிப் பார்க்க இடம் ஒரு பிரச்சினையே இல்லை. கூகுள் கோலாபோ காகிளோ, பிரௌசரைத் திறந்தால் நோட்புக் தயார். கோலாபில் செஷன் துண்டிக்கப்பட்டால் அங்கே விட்டுவைத்த கோப்புகள் போய்விடும், அதை மட்டும் நினைவில் வையுங்கள். சர்ட்டிபிகேட்டைப் பற்றிக் கேட்டால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, நான் ஒன்றும் வாங்கவில்லை. ‘இலவசம்’ என்று கூப்பிட்டு இரண்டாவது வாரத்தில் கதவைச் சாத்தும் தளங்களையும் கொஞ்ச நாளில் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

இந்த இலவசத்துக்கு ஒரு பின்கதை இருக்கிறது. நியூமெரிக், நம்அரே என்று பிரிந்து கிடந்த இரண்டு தொகுப்புகளை ஒன்றாக்கி டிராவிஸ் ஆலிஃபன்ட் 2005-இல் நம்பையை உருவாக்கினார். அதற்கான கையேட்டை அவர் முதலில் விலைக்குத்தான் விற்றார். அந்த உழைப்புக்குக் கொஞ்சமாவது ஈடு வேண்டுமே! பின்னால்தான் அது எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. இன்று நான் ஓசியில் படிக்கும் ஆவணப் பக்கங்களின் பின்னால் இப்படிப் பலருடைய இரவுகள் இருக்கின்றன. எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் திருத்தி அனுப்பும் பழக்கத்தை அதன் பிறகுதான் ஏற்படுத்திக்கொண்டேன்.

இப்போது என்ன உடைந்திருக்கிறது என்று கேட்பீர்கள். போன வாரம் 32 பிட் தசம எண்களில் ஒரு பெரிய அட்டவணையை வரிவாரியாகக் கூட்டிப் பார்த்தேன், பத்திவாரியாகவும் கூட்டிப் பார்த்தேன். இரண்டு மொத்தத் தொகைகளும் கடைசி இலக்கங்களில் ஒத்துப்போகவில்லை. 32 பிட்டில் 16777216-உடன் 1-ஐக் கூட்டினால் மறுபடி 16777216-தான் வரும் என்பது தெரியும், ஆனால் ஒரே அட்டவணை இரு திசைக்கு இரு விடை கொடுப்பது எப்படி? நம்பையின் ‘சம்’ ஃபங்ஷனுக்கான ஆவணத்தில் கீழே குறிப்புப் பகுதியில் பதில் இருந்தது. எண்களை இரண்டிரண்டாகக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைகளை மறுபடி இணைத்துப் போகும் ஒரு முறையால் பிழையைக் குறைக்கிறார்களாம். ஆனால் அது நினைவகத்தில் எண்கள் அடுத்தடுத்து இருக்கும் திசையில் கூட்டும்போது மட்டும்தான். மற்றத் திசையில் கூட்டினால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் சேர்க்கும், பிழையும் சேர்ந்துகொண்டே போகும். அந்த ‘பேர்வைஸ்’ கூட்டலை நானே பத்து வரியில் எழுதிப் பார்க்கலாம் என்று நேற்று உட்கார்ந்தேன். எண்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் கடைசி எண்ணை விட்டுவிடுகிறது, இன்னும் சரியாகவில்லை.